புகாரா போய்வந்த பிள்ளையைக் கோபிக்காதீர்கள்

வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கும் சிவகிரி வட்டாரத்துப் பெற்றோர்களுக்கு,

சிவகிரி, ராயகிரி, தேவிபட்டணம், விசுவநாதப்பேரி, வாசுதேவநல்லூர் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் உங்களில் பல பேர் நான் பாடம் நடத்திய வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த உரிமையில்தான் இந்த மடல். வீடு வீடாக வந்து பேசியிருக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் சொன்னது அடுத்த தெருவுக்குப் போகும்போது வேறு பேச்சாக மாறிவிடுகிறது. அதனால் எல்லோருக்கும் ஒரே பேச்சாக, எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். உஸ்பெகிஸ்தானில் புகாரா நகரத்தில் மருத்துவம் படிக்கும் நம் வட்டாரத்துப் பெண் ஒருத்தி, ஒரு விடுமுறை நாளில் ஹாஸ்டல் தோழிகளோடு ஊருக்கு வெளியே இருக்கும் சூஃபி ஞானி பகாவுத்தீன் நக்‌ஷ்பந்தின் அடக்கத்தலத்தைப் பார்க்கப் போனாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, அங்குள்ள முற்றத்தில் நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். அன்று இரவுக்குள் அந்தப் படம் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஏறி, அங்கிருந்து ஊர்க் குரூப்புக்குத் தாவி, திரும்பி வரும்போது “பிள்ளையை மாத்திட்டாங்களாம்” என்று வந்தது. அப்பா போனில் கத்தினார். அம்மா அழுதார். பெரியவர் ஒருவர், “படிச்சது போதும், டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வா” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அவள் படத்தை நீக்கிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போன் பேசினால், சாப்பிட்டேன், படிக்கிறேன் என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை.

அந்தக் குடும்பத்தைச் சந்தியில் நிறுத்துவது என் எண்ணம் இல்லை. பெயரும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு மற்ற வீடுகளிலிருந்தும் போன் பறந்திருக்கிறது. “காலேஜ், ஹாஸ்டல் தவிர எங்கேயும் போகாதே.” “பள்ளிவாசல் பக்கம் தலை வைத்துப் படுக்காதே.” “துணைக்குக் கூப்பிட்டாலும் போகாதே.” நிலத்தை ஈடு வைத்து, கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து, மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி அனுப்பிய பிள்ளைகளுக்கு நீங்கள் விதித்த கட்டளை இது. இதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாதவன் இல்லை நான். 1981-ல் தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் இஸ்லாத்தில் சேர்ந்தார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. அப்போது சிறுவர்களாக இருந்த உங்களுக்கு, வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியது இன்னும் காதில் இருக்கும். சரி, அந்த மக்கள் அன்று என்ன காரணம் சொன்னார்கள்? தங்களைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியதையும், போலீஸ் ஸ்டேஷன் வரை போய் அடிபட்டதையும் சொன்னார்கள். அவர்களை எந்தத் தர்காவும் இழுத்துக்கொண்டு போகவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள்தான் வெளியே தள்ளினார்கள். மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு பாடம் எடுப்பதென்றால் அந்தப் பாடத்தை எடுங்கள். ஒரு பெரியவரின் சமாதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று. மதமாற்றப் பயம் என்று எடுத்துக்கொண்டாலும், நீங்கள் பயப்படும் நாடு உஸ்பெகிஸ்தானா? அந்த நாட்டு மக்களில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். ஆனால் அரசு மதச்சார்பற்றது. அரசியலமைப்பே அப்படித்தான் சொல்கிறது. ஒருவரை அவர் மதத்திலிருந்து இன்னொரு மதத்துக்கு இழுக்கப் பிரசாரம் செய்வது அங்கே சட்டப்படி குற்றம். 1998-ல் போட்ட சட்டத்திலும் அந்தத் தடை இருந்தது. அதற்குப் பதிலாக 2021-ல் வந்த சட்டத்திலும் இருக்கிறது. அந்தச் சட்டம் மிகக் கெடுபிடியானது, மக்களின் மத உரிமையையே நெருக்குகிறது என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. நல்லதோ கெட்டதோ, உங்கள் மகளை யாரோ பிடித்து வைத்து மாற்றிவிடுவார்கள் என்று நீங்கள் தூக்கம் கெடுவதற்கு அந்த ஊரில் இடமில்லை.

துப்பட்டாவுக்கு வருகிறேன். உண்மையில் உங்களைச் சுட்டது அதுதானே? அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போன நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் தலையில் ஆரஞ்சுத் துணியைக் கட்டிக்கொண்டு படம் எடுத்து, சட்டம் போட்டு நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள்! அவர்களை யாரும் சீக்கியராகிவிட்டார் என்று பேசவில்லை. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றுகிறோம், வேளாங்கண்ணியில் முழங்காலில் நடக்கிறவர்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிடுகிறோம். போகும் இடத்தின் முறைமைக்கு உடம்பை ஒப்புக்கொடுப்பது மரியாதை. அதை அந்தப் பெண்ணுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். சொல்லிக்கொடுத்தபடி நடந்ததற்கா தண்டனை?

இதே புகாராவிலும் சமர்கண்டிலும் படிக்கும் நம் ஊர்ப் பையன்கள் சமர்கண்டின் ரெகிஸ்தான் சதுக்கத்தில் நின்று எடுத்த படங்கள் அதே குரூப்புகளில் வந்தனதானே. பின்னால் தெரிந்த மூன்று கட்டடங்களும் மதரசாக்கள்தான். “சூப்பர்டா தம்பி” என்று கட்டைவிரலைத் தூக்கினீர்கள். பையன் போனால் சுற்றுலா, பெண் போனால் விபரீதம் என்று உங்கள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். இப்போதைக்கு, அது உங்களுக்குள் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, அவள் போன இடம் எது என்று உங்களில் யாராவது விசாரித்தீர்களா? முஸ்லிம் உலகம் புகாராவை ‘ஷரீஃப்’ என்ற அடைமொழியோடு சொல்லும். மேன்மை பொருந்திய புகாரா என்பது மரபு. மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. புகாராவில் அந்தத் தடை இல்லை, எவரும் போகலாம். 1127-ல் கட்டிய கலான் மினார், சுமார் 46 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. 1220-ல் செங்கிஸ்கான் படை ஊரையே எரித்தபோதும் அது தப்பியது. பழைய நகரம் முழுவதையும் 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நகரத்துக்கு வெளியே சில கிலோமீட்டர் தூரத்தில் கஸ்ரே ஆரிஃபான் என்ற கிராமத்தில் இருக்கிறது பகாவுத்தீன் நக்‌ஷ்பந்தின் சமாதி. 1318-ல் பிறந்து 1389-ல் மறைந்தவர். பூவேலைப்பாடு நெய்யும் தொழில் செய்த குடும்பத்தவர் என்று சொல்வார்கள். கை தொழிலில் இருக்கட்டும், மனம் இறைவனிடம் இருக்கட்டும் என்பதுதான் அவர் வழியில் வந்தவர்கள் போற்றும் நெறி. காட்டுக்கு ஓடாதே, வீட்டையும் தறியையும் விட்டுவிடாதே, அங்கேயே இருந்துகொண்டு நினை என்றவர். சங்கரன்கோவிலிலும் புளியங்குடியிலும் தறி ஓட்டும் வீடுகளுக்கு இப்படிப்பட்ட பெரியவரை அறிமுகம் செய்துவைக்கவா வேண்டும்?

அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? கல்யாணமான சோடிகள் வருகிறார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் வருகிறார்கள். கீழே விழுந்து கிடக்கும் பழைய முசுக்கொட்டை மரம் ஒன்றின் அடியில் குனிந்து நுழைந்து வெளியே வருகிறார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மக்காவுக்குப் போக வசதியில்லாத ஏழைகள் இங்கே வந்து ஆறுதல் தேடுவது பல தலைமுறைப் பழக்கம். இது ஒருநாளும் ஹஜ்ஜுக்கு ஈடாகாது என்று ஆலிம்கள் திருத்திச் சொல்வதும் பழக்கம். சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதிக்குப் போய்ப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, மீதியைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவரும் உங்களுக்கு இதில் எது புரியாதது? நாக அரசர்களான சங்கனும் பதுமனும் சிவன் பெரிதா திருமால் பெரிதா என்று சண்டை போட்டதற்கு, பாதி இவர் பாதி அவர் என்று ஒரே உருவமாக நின்று பதில் சொன்ன சாமி நம் சாமி. ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூடுகிறோமே, அந்தக் காட்சி நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதை வருஷத்தில் மற்ற நாட்களிலும் கொஞ்சம் யோசிக்கலாம்.

உங்கள் வீட்டுப் பழக்கத்தையே உங்களுக்கு நினைவூட்டுகிறேன். பிள்ளை பயந்து அலறினால், காய்ச்சல் விடாமல் அடித்தால், சாயங்காலத் தொழுகை முடியும் நேரத்துக்குப் பள்ளிவாசல் வாசலில் இடுப்புக் குழந்தையோடு வரிசையில் நின்றவர்கள் யார்? தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினால் அதிலும் ஊதுவார்கள். நோன்பு மாதத்தில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நோன்புக் கஞ்சிக்கு ஓடிய பிள்ளைகளில் நீங்களும் உண்டு. கடையம் பக்கத்துப் பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு, மொட்டை போட்டு, சந்தனம் பூசி வந்த இந்துக் குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை! என் ஆச்சி அங்கே போகாத வருஷம் குறைவு. திரும்பி வந்ததும் சிவகிரி மலைக்கோயில் முருகனுக்கும் ஒரு தேங்காய் உடைப்பாள். நாகூர் தர்காவின் ஐந்து மினார்களில் பெரியதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். இவர்கள் யாரும் மதம் மாறவில்லை. மதம் மாறாமல் மற்றவன் வாசலில் நிற்கத் தெரிந்தவர்கள். அந்தத் தெம்பு உங்கள் தலைமுறையில் எங்கே போனது? கைக்குழந்தையாகப் பள்ளிவாசல் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போன அதே பிள்ளை, வளர்ந்து தன் காலால் நடந்துபோய் நின்றால் மட்டும் உங்களுக்கு ஏன் நடுங்குகிறது?

மருத்துவம் படிக்கப் போன பிள்ளைக்கு அந்த ஊரைப் பார்ப்பதே படிப்பின் ஒரு பகுதி என்பேன். 980-ல் புகாராவுக்குப் பக்கத்து அஃப்ஷனா கிராமத்தில் பிறந்தவர் இப்னு சீனா. பதினாறு, பதினேழு வயதிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்த நாட்டை ஆண்ட சாமானித் வம்சத்து மன்னர் நூஹ் இப்னு மன்சூருக்கு மருத்துவம் செய்து குணப்படுத்தினார். அரண்மனை நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்டார். அதுதான் அவர் வாங்கிய கூலி. பின்னாளில் அவர் எழுதிய ‘கானூன்’ என்ற மருத்துவ நூல் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பதினேழாம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது. சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தரும் வைத்தியத்துக்கும் அந்த நூல்தான் ஆணிவேர். 1990-ல் தொடங்கிய புகாரா அரசு மருத்துவ நிறுவனம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பிள்ளையின் சான்றிதழில் அச்சாகப்போகும் பெயர் அது. அந்தப் பெயருக்குப் பணம் கட்டுவீர்கள். அந்தப் பெயருக்குரியவர் நடந்த தெருவில் பிள்ளை நடக்கக் கூடாது என்பீர்கள். இதில் நியாயம் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. புகாராவுக்குப் போன முதல் இந்துப் பிள்ளைகள் நம் பிள்ளைகள் இல்லை. முல்தானிலிருந்து புறப்பட்ட இந்து வணிகர்கள் பதினாறாம் நூற்றாண்டு முதல் அங்கே கடை வைத்து, வட்டிக்குக் கொடுத்து, துணி விற்று, தங்களுக்கென்று சராய் அமைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். யூதர்களும் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே இருந்தவர்கள். ஊர் நடுவே இருக்கும் லபி ஹவுஸ் தெப்பத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவர்களுடைய ஜெபக்கூடம் இன்றும் இருக்கிறது. அந்தத் தெப்பத்தை வெட்ட அமைச்சர் ஒருவர் யூத விதவையின் இடத்தைக் கேட்டதாகவும், ஜெபக்கூடம் கட்ட வேறு இடம் தந்தால்தான் கொடுப்பேன் என்று அவள் அடம்பிடித்து வாங்கியதாகவும் ஊரார் கதை சொல்வார்கள். புனித நகரம் என்றால் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்ட ஊர் என்று நாம் நினைக்கிறோம். புகாராவின் சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது.

தடை போடுவதைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சோவியத் ஆட்சி வந்ததும் மதரசாக்களை மூடினார்கள்; சமாதிகளில் வழிபடக் கூடாது என்றார்கள். மீர் அரப் மதரசா 1940களில் மறுபடி திறக்க அனுமதி பெற்று, அவ்வளவு பெரிய தேசத்தில் பல வருஷங்கள் தனியாக நடந்தது. அத்தனை கெடுபிடியிலும் பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1993-ல் நக்‌ஷ்பந்த் அடக்கத்தலத்தைப் பெரிதாகப் புதுப்பித்தபோது மக்கள் திரும்ப வந்துவிட்டார்கள். ஒரு பேரரசு அதட்டியே நிற்காத ஒன்று, சிவகிரியிலிருந்து போன் போட்டு அதட்டினால் நிற்குமா? நிற்காது. உங்களிடம் சொல்வதுதான் நிற்கும்.

என் பெரிய கவலையே அதுதான். நன்றாகக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அந்தப் போன் ஒன்று மட்டும். நமக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். நீங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவளும் உட்காருகிறாள். அந்த நேரத்தில், பார்த்ததையும் போனதையும் சொன்னால் வசவு விழும் என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டால், அடுத்து எதைச் சொல்வாள்? ஏஜென்ட் கட்டணத்தில் கைவைத்தால் சொல்வாளா? பாடம் புரியாமல் தத்தளித்தால் சொல்வாளா? பனிக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தால்? யாராவது தொந்தரவு கொடுத்தால்? 2022-ல் உக்ரைனில் குண்டு விழுந்தபோது நம் பிள்ளைகள் எல்லைவரை நடந்து தப்பி வந்ததை மறந்துவிட்டீர்களா? அப்படி வந்தவர்களில் பலர் சமர்கண்டுக்குப் போய்த்தான் படிப்பைத் தொடர்ந்தார்கள். ஆபத்து வரும் நாளில் முதல் அழைப்பு உங்களுக்கு வர வேண்டுமானால், சாதாரண நாளில் வரும் அழைப்பை நீங்கள் பயமில்லாததாக வைத்திருக்க வேண்டும்.

கவலைப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கவலைப்பட வேண்டிய இடத்தில் படுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளைப் படித்தீர்களா? படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். படித்து முடிப்பவர் அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு எழுதும் தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுத்தால்தான் இங்கே ஊசி போட முடியும். இதில் ஒன்று தவறினாலும் நிலமும் நகையும் போனதுதான். கன்சல்டன்சிக்காரர் கொடுத்த வழுவழுப்பான நோட்டீஸைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள், ஒரு ஸ்டேட்டஸ் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். அந்தக் கண்ணை இந்த விதிகள் பக்கம் திருப்புங்கள். தாஷ்கண்டில் உள்ள இந்தியத் தூதரகம் விடும் அறிவிப்புகளைப் பாருங்கள். மகளிடம், வார்டில் நோயாளியோடு உஸ்பெக் மொழியில் பேச வருகிறதா என்று கேளுங்கள். அந்த மொழியையும் மனிதர்களையும் அவள் ஹாஸ்டல் அறைக்குள் அடைந்துகிடந்து கற்றுக்கொள்ள முடியாது. சந்தைக்கும் சமாதிக்கும் போய்த்தான் கற்றுக்கொள்ள முடியும்.

நம் வட்டாரத்து இஸ்லாமியப் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. புளியங்குடியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பிள்ளைகளை அனுப்பியவர்களும் இதைப் படிப்பீர்கள். அடக்கத்தலங்களுக்குப் போவது சரியா தவறா என்று உங்களுக்குள்ளேயே இரண்டு பட்ட கருத்து இருக்கிறது. அது உங்கள் மார்க்க விஷயம், நான் தலையிட மாட்டேன். ஆனால் கூடப்படிக்கும் இந்துப் பிள்ளை வருகிறேன் என்றால், உங்கள் பிள்ளை “உனக்கு எதுக்கு அங்கே” என்று கேட்காமல் அழைத்துப்போகட்டும். புகாரா என்ற பெயர் உங்களுக்குப் புதிதில்லை. காயல்பட்டினத்தில் ரஜப் மாதம் முழுவதும் நபிமொழித் தொகுப்பான புகாரி ஷரீஃபை ஓதும் மஜ்லிஸைக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள். அதைத் தொகுத்த இமாம் புகாரி பிறந்த ஊரைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அதேபோல, சங்கரன்கோவில் தேரையோ வேறு நாட்டில் ஒரு தேவாலயத்தையோ உங்கள் பிள்ளை பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் பூகம்பம் வர வேண்டாம். கதவு இரண்டு பக்கமும் திறந்தால்தான் காற்று வரும்.

அந்த இமாமைப் பற்றியே ஒன்று சொல்லி முடிக்கும் இடத்துக்கு வருகிறேன். ஹதீஸ் தொகுத்த இமாம் புகாரி 810-ல் புகாராவில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். தாய்தான் வளர்த்தார். பதினாறு வயதில் தாயோடும் அண்ணனோடும் மக்காவுக்கு ஹஜ்ஜுப் பயணம் போனார். கடமைகள் முடிந்ததும் தாயும் அண்ணனும் ஊர் திரும்பினார்கள். இளைய மகன், நான் இங்கேயே இருந்து படிக்கிறேன் என்றான். போன் கிடையாது, தபால் கிடையாது. பாலைவனமும் மலையும் கடந்து மாதக்கணக்கில் வழி. வளர்த்த தாய் அவனை விட்டுவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு ஊர் ஊராக அலைந்து, ஆசிரியர்களைத் தேடி, அவர் சேர்த்துத் தொகுத்த நூலைத்தான் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக உலகம் முழுக்க சன்னி முஸ்லிம்கள் குர்ஆனுக்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றுகிறார்கள். புகாராவிலிருந்து அயலூருக்குப் படிக்கப் போன ஒரு மாணவனின் தாய்க்கு இருந்த தைரியத்தில் பாதியாவது, சிவகிரியிலிருந்து புகாராவுக்குப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு இருக்கக் கூடாதா?

என் வேண்டுகோள்களைத் தெளிவாகவே வைக்கிறேன்.

முதலாவது, அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு. இன்று ராத்திரி நீங்களே அவளைக் கூப்பிடுங்கள். திட்டியதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். “அந்த இடம் எப்படி இருந்தது, சொல்லு” என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். படத்தை மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தப் படத்தைக் குரூப் குரூப்பாகத் தள்ளிவிட்டவர்களுக்கு. வதந்தியைப் பரப்பிய அதே குரூப்பில், நடந்தது இதுதான், பிள்ளை ஒரு வரலாற்று இடத்தைப் பார்க்கப் போனாள் என்று எழுதுங்கள். உங்கள் விரலால் கெட்ட பெயரை உங்கள் விரலாலேயே சரிசெய்யுங்கள். கல்யாணப் பேச்சு வரும் நாளில் இந்தக் கதை அவளுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது.

மூன்றாவது, மற்ற எல்லாப் பெற்றோர்களுக்கும். போகாதே என்று போட்ட கட்டளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, தனியாகப் போகாதே, இருட்டுவதற்குள் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடு, போகும் இடத்தின் முறைப்படி நடந்துகொள், வந்ததும் எங்களுக்குச் சொல் என்று சொல்லுங்கள். பெற்றோர் சொல்ல வேண்டிய எச்சரிக்கை அதற்குள் முழுவதும் அடங்கிவிடுகிறது.

நான்காவது, விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு மாலையை எனக்குக் கொடுங்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைக்கிறேன். புகாராவைப் பார்த்தவள் புகாராவைப் பற்றிப் பேசட்டும். சமர்கண்டைப் பார்த்தவன் சமர்கண்டைப் பற்றிப் பேசட்டும். கலான் மினார் எவ்வளவு உயரம், இப்னு சீனா என்ன படித்தார், முசுக்கொட்டை மரத்தடியில் ஏன் குனிகிறார்கள் என்று நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கட்டும். பெற்றோர்களும் வந்து பின் வரிசையில் உட்காருங்கள். நாற்காலி போட்டு வைப்பது என் பொறுப்பு.

நிலத்தை ஈடு வைத்து அவர்களை உலகத்துக்கு அனுப்பியது நீங்கள். அனுப்பிய பிறகு உலகத்தைப் பார்க்காதே என்று சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாத்தியார்,
சிவகிரி.